பழைய காரில் ஸ்டீரியோ கோளாறு: எங்கே அளப்பது, எதைச் சரிசெய்வது

செகண்ட் ஹேண்ட் காரில் பாட்டு சரியாகக் கேட்கவில்லை என்று ஆக்ஸசரிஸ் கடைக்குப் போனால், ‘செட்டையே மாத்திடலாம்’ என்பதுதான் பெரும்பாலும் முதலில் வரும் பதில். மாற்றிய பிறகும் அதே இரைச்சல், அதே ஊமை ஸ்பீக்கர் என்று திரும்பி வருகிறவர்கள் நிறைய. காரணம் எளிது. கைமாறிய வண்டியில் முந்தைய உரிமையாளர் ஒருமுறையாவது செட் மாற்றியிருப்பார். கம்பெனி கப்ளரை (வயர்களைச் சேர்த்துச் செருகும் பிளக்) வெட்டி, வயரை முறுக்கி, மேலே கருப்பு டேப் சுற்றி உள்ளே தள்ளியிருப்பார்கள். வெயிலில் பூட்டி நிற்கும் காருக்குள் டேப்பின் பசை இளகி, சுற்று அவிழ்ந்து, செம்பு வெளியே வந்துவிடும். செட்டும் ஸ்பீக்கரும் நன்றாகவே இருக்கும். நடுவில் இருக்கும் இணைப்புதான் போயிருக்கும். புதுச் செட்டை அதே இணைப்பில் மாட்டினால் பணம்தான் போகும்.

தேவையான சாமான் அதிகமில்லை. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர், பேனல் நெம்பும் பிளாஸ்டிக் பட்டை, ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், பேட்டரி டெர்மினலுக்கு 10 எம்.எம். ஸ்பேனர், சால்டரிங் அயர்ன், ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் (சூடு காட்டினால் சுருங்கி இணைப்பை மூடும் குழல்), ஒரு 1.5 வோல்ட் பென்சில் செல், நான்கைந்து மீட்டர் வயர். மாற்று ஃபியூஸ் சிலதும் கையில் இருக்கட்டும்: 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள். எரிந்த ஃபியூஸுக்குப் பதில் அதைவிடப் பெரியதைப் போடவே கூடாது. ஃபியூஸ் தாங்கிக்கொண்டால் வயர்தான் எரியும்.

வேலையைத் தொடங்கும் முன் இரண்டு எச்சரிக்கைகள். டேஷ்போர்டுக்குள்ளும் ஸ்டியரிங்கின் அடியிலும் மஞ்சள் நிற ஸ்லீவோ கப்ளரோ இருந்தால் அது ஏர்பேக் வயர். அதில் மீட்டரும் டெஸ்ட் லேம்பும் வைக்கக் கூடாது. அடுத்தது பேட்டரியைக் கழற்றுவது பற்றி. ஹோண்டா, ரெனோ, ஸ்கோடா, ஃபோக்ஸ்வாகன் போன்ற கம்பெனிகளின் ஒரிஜினல் செட்டுகள் பலவற்றில், பேட்டரியைக் கழற்றி மாட்டினால் பாஸ்வேர்டு எண் கேட்கும். அந்த எண் எழுதிய அட்டை சர்வீஸ் புத்தகத்தோடு இருக்கிறதா என்று வண்டி வாங்கும்போதே கேட்டு வாங்கி வையுங்கள். தப்பான எண்ணைத் திரும்பத் திரும்பப் போட்டால் செட் பூட்டிக்கொள்ளும். அப்புறம் ஷோரூமுக்குத்தான் போக வேண்டும்.

எதையும் கழற்றும் முன்

சீட்டில் உட்கார்ந்தபடியே பாதிக் குறையைக் கண்டுபிடித்துவிடலாம். செட்டின் பேலன்ஸ், ஃபேடர் அமைப்புக்குப் போய், சத்தத்தை முன் இடது, முன் வலது, பின் இடது, பின் வலது என்று ஒவ்வொரு மூலைக்கும் தனித்தனியாகத் தள்ளிக் கேளுங்கள். எந்த மூலை ஊமை, எந்த மூலை கரகரக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து எஃப்.எம்., புளூடூத், யூ.எஸ்.பி. என்று மூன்றிலும் கேளுங்கள். ஒன்றில் மட்டும் கோளாறு என்றால் ஸ்பீக்கர் பக்கம் போகவே வேண்டாம். பிறகு இன்ஜின் ஆஃப், இன்ஜின் ஆன், இன்ஜின் 2500 ஆர்.பி.எம். என்று மூன்று நிலையில் கேளுங்கள். கடைசியாக ஒவ்வொரு கதவையும் பாட்டு ஓடும்போதே மெதுவாகத் திறந்து மூடுங்கள். இவ்வளவும் பத்து நிமிட வேலைதான். வண்டிக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே செய்து பார்த்தால் விலை பேசவும் உதவும்.

செட்டுக்கு உயிரே இல்லை என்றால்

முதலில் ஃபியூஸ். செட்டுக்கு இரண்டு வழியில் கரண்ட் வருகிறது: ஒன்று எப்போதும் இருக்கும் 12 வோல்ட், மற்றது சாவியை ஏ.சி.சி. நிலைக்கு (இன்ஜின் ஓடாமல் செட் மட்டும் ஓடும் நிலை) திருப்பினால் மட்டும் வரும் 12 வோல்ட். பல வண்டிகளில் முதல் வழியின் ஃபியூஸ் கூரை விளக்கோடு சேர்ந்தது. இரண்டாவது, சிகரெட் லைட்டர் சாக்கெட்டோடு சேர்ந்தது. அதனால் செட்டோடு கூரை விளக்கும் எரியவில்லை என்றாலோ, சாக்கெட்டில் மொபைல் சார்ஜ் ஏறவில்லை என்றாலோ, எந்த ஃபியூஸ் என்று தானாகத் தெரிந்துவிடும். மட்டமான மொபைல் சார்ஜர் சாக்கெட்டுக்குள் ஷார்ட் ஆகி இந்த ஃபியூஸை எரிப்பது அடிக்கடி நடப்பது. சில சமயம் ஒரு நாணயம் சாக்கெட்டுக்குள் விழுந்து கிடக்கும்.

இன்னொரு ஃபியூஸ் செட்டின் முதுகில் இருக்கும், பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்பியர். மூன்றாவதாக, மஞ்சள் வயரில் நடுவழியில் ஒரு குழல் ஃபியூஸ் ஹோல்டர் இருக்கலாம். கண்ணால் பார்த்து நன்றாக இருக்கிறது என்று விட வேண்டாம். மீட்டரை கன்டினியூட்டியில் வைத்து பீப் வருகிறதா என்று பாருங்கள்.

ஃபியூஸ் எல்லாம் சரி என்றால் செட்டை வெளியே இழுத்துப் பின் கப்ளரில் அளக்க வேண்டும். வெளிக்கடை செட்டுகளின் வயர் நிறம் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒன்றுதான். மஞ்சள் நிரந்தர 12 வோல்ட், சிவப்பு சாவி 12 வோல்ட், கருப்பு எர்த் (பாடி வழியாகப் பேட்டரி மைனஸுக்குப் போகும் வழி), நீலம் ஆன்டெனாவுக்கு, நீலத்தில் வெள்ளைக் கோடு ஆம்ப்ளிஃபயரை எழுப்பும் ரிமோட் வயர், ஆரஞ்சு விளக்கு. ஸ்பீக்கருக்கு வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது; கருப்புக் கோடு போட்டது மைனஸ். இந்த நிறக்கணக்கு செட்டோடு வந்த வயருக்கு மட்டும்தான். காரின் சொந்த வயர் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. அதை அளந்துதான் அறிய வேண்டும்.

மீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வையுங்கள். கருப்பு முனை பாடியின் வெற்று இரும்பில். மஞ்சளில் எப்போதும் 12.4 முதல் 12.7 வரை காட்ட வேண்டும். சிவப்பில் சாவி போட்டால் அதே அளவு, எடுத்தால் பூஜ்யம். பிறகு முக்கியமான சோதனை: மீட்டரின் கருப்பு முனையைப் பாடியிலிருந்து எடுத்து, கப்ளரின் கருப்பு வயரில் வைத்து, சிவப்பு முனையை மஞ்சளில் வையுங்கள். பாடியில் வைத்தபோது 12.5 காட்டியது, இங்கே 7 காட்டினாலோ தடுமாறினாலோ எர்த் கெட்டிருக்கிறது. செட் ஓடும்போது அளந்தால்தான் இது தெளிவாகத் தெரியும். சும்மா இருக்கும்போது கெட்ட எர்த்தும் நல்லது போலக் காட்டும்.

போலோ, ரேபிட் போன்ற வண்டிகளில் சாவிக்கான சிவப்பு வயரே செட் கப்ளரில் இருக்காது. சாவி போட்ட செய்தி கேன் பஸ் (வண்டியின் கன்ட்ரோல் டப்பாக்கள் தமக்குள் செய்தி அனுப்பும் வயர் ஜோடி) வழியாக வரும். அவற்றில் வெளிச் செட் மாட்ட கேன் பஸ் டப்பா வேண்டும். அது இல்லாமல் மாட்டியவர்கள் சிவப்பையும் மஞ்சளையும் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். அதன் விளைவு அடுத்த பகுதியில்.

அமைப்பு மறந்துபோகிறது, பேட்டரி இறங்குகிறது

சாவியை எடுத்துப் போட்டாலே ஸ்டேஷன், கடிகாரம், ஈக்வலைசர் எல்லாம் பழைய நிலைக்குப் போகிறது என்றால் மஞ்சளும் சிவப்பும் இடம் மாறியிருக்கின்றன, அல்லது மஞ்சளில் கரண்ட் இல்லை. ஐ.எஸ்.ஓ. கப்ளர் (செட்டின் பின்னால் செருகும் பொதுத்தரக் கப்ளர்) உள்ள சில வண்டிகளில், குறிப்பாக ஃபோக்ஸ்வாகன் குழும வண்டிகளில், இந்த இரண்டு பின்னும் இயல்பிலேயே எதிரெதிராக இருக்கும். கப்ளரைக் கண்ணை மூடிக்கொண்டு செருகினால் இந்தக் கோளாறு வரும். மஞ்சள், சிவப்பு வயரில் நடுவில் புல்லட் முனை கொடுத்திருப்பதே மாற்றிச் செருகத்தான்.

எதிர்ப்பக்கக் கோளாறு, இரண்டும் ஒன்றாகக் கட்டியிருப்பது. செட் தூங்காது. ஆண்ட்ராய்டு செட் தூங்காமல் 300 மில்லி ஆம்பியர் இழுத்தால், சின்ன பெட்ரோல் ஹேட்ச்பேக்கின் 35 ஆம்பியர் அவர் பேட்டரி ஐந்து நாளில் முழுக்கக் காலி. ஆனால் ஸ்டார்ட் ஆகாமல் நிற்பதற்கு அவ்வளவு நாள் ஆகாது. பேட்டரி பழசு என்றால் இரண்டாம் நாளே.

அளக்கும் முறை: எல்லாக் கதவும் மூடி, சாவி எடுத்து, பானெட்டை மட்டும் திறந்து வைத்து அரை மணி நேரம் விடுங்கள். மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, பேட்டரி மைனஸ் டெர்மினலுக்கும் கழற்றிய கிளாம்புக்கும் நடுவில் மாட்டுங்கள். மீட்டர் இப்படி இருக்கும்போது சாவி போடவோ ஸ்டார்ட் செய்யவோ கூடாது, மீட்டர் ஃபியூஸ் போய்விடும். கிளாம்பைக் கழற்றி மாட்டியதால் வண்டியின் கன்ட்ரோல் டப்பாக்கள் மறுபடி விழித்திருக்கும். மேலும் இருபது நிமிடம் பொறுங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் நின்றால் நல்லது. 100-ஐத் தாண்டினால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். எதைப் பிடுங்கும்போது அளவு சட்டென்று விழுகிறதோ அந்த வழியில் குறை. செட் என்று தெரிந்தால், அதோடு ஆம்ப்ளிஃபயரின் ரிமோட் வயரையும் சந்தேகப்படுங்கள். நீல-வெள்ளை வயருக்குப் பதில் அதை நேராக மஞ்சளில் கட்டும் பழக்கம் உண்டு. ஆம்ப் இரவு முழுக்க விழித்திருக்கும்.

ஒரு கதவு மட்டும் ஊமை

கைமாறிய காரில் அதிகம் பார்க்கும் ஸ்பீக்கர் கோளாறு இது. அதுவும் டிரைவர் கதவில்தான் அதிகம், ஏனென்றால் அதிகம் திறந்து மூடுவது அதுதான். கதவுக்கும் அது மாட்டியிருக்கும் பில்லருக்கும் நடுவில் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் குழல் இருக்கும். ஸ்பீக்கர், பவர் விண்டோ, சென்ட்ரல் லாக் வயர்கள் எல்லாம் அதற்குள்தான் போகின்றன. வருடக்கணக்கில் மடங்கி மடங்கி உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக முறியும். கதவைத் திறக்கும்போது பாட்டு வந்து மூடும்போது நின்றால், அல்லது அதே கதவின் பவர் விண்டோவும் சண்டித்தனம் செய்தால், வேறெங்கும் தேட வேண்டாம்.

உறுதி செய்ய, செட்டைக் கழற்றிப் பின் கப்ளரில் அந்த ஸ்பீக்கரின் இரண்டு வயருக்கும் நடுவே ஓம் அளவு பாருங்கள். 4 ஓம் என்று எழுதிய ஸ்பீக்கர் மீட்டரில் 3.2 முதல் 3.8 வரை காட்டும், அது சரியானதே. ஓ.எல். (இணைப்பே இல்லை என்பதன் குறி) என்று காட்டினால் வழியில் எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது ஸ்பீக்கர் காயில் போயிருக்கிறது. ஒரு ஓமுக்கும் கீழே என்றால் ஷார்ட். அளவு சரியாக இருந்தும் சத்தம் இல்லை என்றால் செட்டின் அந்த சேனல்தான் போயிருக்கிறது. பென்சில் செல்லின் இரண்டு முனையை அதே வயர்களில் ஒரு நொடி தொட்டால் ஸ்பீக்கரில் ‘டப்’ என்று கேட்க வேண்டும். மீட்டர் இல்லாதவர்களுக்கு இதுவே போதும். டேஷ்போர்டில் தனியாக இருக்கும் சின்ன ட்வீட்டரை இப்படிச் சோதிக்க முடியாது. அதற்கு முன்னால் ஒரு கெபாசிட்டர் இருப்பதால் அது நன்றாக இருந்தாலும் ஓ.எல். தான் காட்டும்.

ஓ.எல். காட்டினால், மீட்டர் முனைகளை அந்த இரண்டு வயரில் நிலையாக மாட்டிவிட்டு, ஒருவரைக் கதவைத் திறந்து மூடச் சொல்லுங்கள். எண் வந்து வந்து போனால் ரப்பர் குழலுக்குள்தான். குழலின் பில்லர் பக்க நுனியை விரலால் நெம்பிக் கழற்றி, பின்னோக்கித் தள்ளினால் வயர்கள் தெரியும். மேல்தோல் முழுசாக இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள். ஒவ்வொரு வயரையும் இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். உள்ளே முறிந்த வயர், அந்த இடத்தில் மட்டும் ரப்பர் பேண்ட் மாதிரி நீளும்.

இங்கே பலர் செய்யும் தப்பு, முறிந்த இடத்திலேயே முறுக்கி டேப் ஒட்டுவது. சில வாரத்தில் மறுபடி போகும். சால்டர் வைத்தாலும் அதேதான், ஏனென்றால் ஈயம் ஏறிய வயர் விறைப்பாகி அதன் ஓரத்தில் மடங்கி முறியும். சரியான முறை: மெல்லிய இழைகள் நிறைய உள்ள புது வயரை, 0.75 அல்லது 1 சதுர மி.மீ. அளவில், குழலின் முழு நீளத்துக்கும் ஒரே துண்டாக ஓட்டுங்கள். ஒரு இணைப்பு கதவுக்குள், மறு இணைப்பு பில்லருக்குள். மடங்கும் இடத்தில் இணைப்பே இருக்கக் கூடாது. ஹீட் ஷ்ரிங்க் ட்யூபை முதலிலேயே வயருக்குள் கோத்துவிட்டுத்தான் சால்டர் வைக்க வேண்டும். நான்கைந்து வயர் முறிந்திருந்தால் இணைப்புகளை ஒரே இடத்தில் குவிக்காமல் முன்பின்னாக வையுங்கள். குவித்தால் குழல் திரும்ப ஏறாது.

கதவு பேடைக் கழற்றும்போது ஸ்க்ரூ எங்கெங்கே ஒளிந்திருக்கும் என்று பாருங்கள்: உள் கைப்பிடியின் குழிவில் ஒன்று, கை வைக்கும் பிடியின் அடியில் ஒன்றிரண்டு. அதன் பிறகு கீழ் ஓரத்திலிருந்து இழுத்தால் கிளிப் ஒவ்வொன்றாக விடும். விண்டோ ஸ்விட்ச் கப்ளரைப் பிரிக்காமல் பேடைத் தொங்க விடாதீர்கள். பேடுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழிக்க வேண்டாம். மழைத் தண்ணீர் கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்குவது இயல்பு. அந்த ஷீட்தான் அதை உள்ளே வராமல் வெளித் துளை வழியாக வடிய விடுகிறது. செட் மாற்றியவர் அதைக் கிழித்துத் தூக்கிப் போட்டிருந்தால் ஸ்பீக்கர் காகிதம் ஊறி, காந்தம் துருப்பிடித்து, காலடி மேட்டும் நாறும்.

எல்லா ஸ்பீக்கரும் ஒரே நேரத்தில் ஊமை, ஆனால் டிஸ்ப்ளே எரிகிறது என்றால் ஏதோ ஒரு ஸ்பீக்கர் வயர் பாடியில் பட்டு, செட் தன்னைக் காத்துக்கொள்ளச் சத்தத்தை நிறுத்தியிருக்கலாம். செட்டைக் கழற்றி, எட்டு ஸ்பீக்கர் வயரையும் ஒவ்வொன்றாகப் பாடியோடு சேர்த்து அளங்கள். எல்லாமே ஓ.எல். காட்ட வேண்டும். பழைய காலத்தில் ஸ்பீக்கர் மைனஸைப் பாடியில் எர்த் செய்வார்கள். இன்றைய செட்டில் அப்படிச் செய்யவே கூடாது. எட்டு வயரிலும் செட் ஓடும்போது ஏறக்குறைய 6 வோல்ட் நிற்கும். ஒரு ஸ்பீக்கரின் ப்ளஸுக்கும் மைனஸுக்கும் நடுவே மட்டும் பூஜ்யத்துக்கு மிக அருகில் இருக்க வேண்டும். அங்கே ஒரு வோல்ட்டுக்கு மேல் நிலையாகக் காட்டினால் உள்ளே ஆடியோ ஐ.சி. போய்விட்டது. டி.டி.ஏ. 7388 போன்ற அந்த ஐ.சி.யை மாற்றித் தரும் மெக்கானிக்குகள் பெரிய ஊர்களில் இருக்கிறார்கள். நல்ல கம்பெனிச் செட் என்றால் தூக்கிப் போடும் முன் கேட்டுப் பாருங்கள்.

சத்தம் வருகிறது, ஆனால் நன்றாக இல்லை

பேஸ் இல்லாமல் பாட்டு தட்டையாக இருக்கிறது, பேலன்ஸை முழுக்க ஒரு பக்கம் தள்ளினால் பேஸ் திரும்பி வருகிறது என்றால், ஒரு ஸ்பீக்கரில் ப்ளஸ் மைனஸ் மாறியிருக்கிறது. பென்சில் செல்லின் ப்ளஸை ஸ்பீக்கர் ப்ளஸில் தொட்டால் கோன் (ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு) வெளியே தள்ள வேண்டும். நான்கும் ஒரே திசையில் தள்ளுகிறதா என்று பாருங்கள்.

கரகரப்புக்கு, ஸ்பீக்கரைக் கழற்றி, கோனின் இரு பக்கமும் விரல் நுனிகளைச் சமமாக வைத்து மெல்ல அமுக்குங்கள். உரசும் சத்தம் கேட்டால் காயில் வளைந்துவிட்டது, மாற்ற வேண்டியதுதான். ஓரத்து ஃபோம் மட்டும் கிழிந்திருந்தால் ரீ-கோனிங் செய்பவர்களிடம் கொடுக்கலாம். கோனில் குறையே இல்லை என்றால் அது கதவு பேடின் கிளிப் உடைந்து அடிக்கும் சத்தம். பேடைக் கையால் அழுத்திப் பிடித்தால் நிற்கும்.

வால்யூம் கூட்டினால் மட்டும் உடைகிறது என்றால் பெரும்பாலும் குறை எதுவும் இல்லை. பெட்டியில் ‘50 வாட் × 4’ என்று போட்டிருந்தாலும், செட்டுக்குள் இருக்கும் ஆம்ப் ஒரு சேனலுக்குத் தொடர்ச்சியாக 15 முதல் 20 வாட் வரைதான் சுத்தமாகத் தரும். பேஸ் பூஸ்ட், லௌட்னஸ் இரண்டையும் அணைத்துவிட்டுக் கேளுங்கள்.

இன்ஜினோடு சேர்ந்து ஏறும் ஊளைச் சத்தம்

ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ‘ஊய்ங்’ என்று சுருதி ஏறினால் அது ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கருவி) சத்தம். இதற்குக் கடையில் ஒரு ஃபில்டரை மாட்டிவிடுவார்கள். எங்கிருந்து நுழைகிறது என்று பார்க்காமல் மாட்டுவது வீண்.

வால்யூமைப் பூஜ்யமாக்குங்கள். ஊளையும் அடங்கினால் அது வால்யூம் கட்டுப்பாட்டுக்கு முன்னால் நுழைகிறது: ஆக்ஸ் வயர் (மொபைலைச் செட்டோடு இணைக்கும் வயர்), மொபைல் சார்ஜர், ஆன்டெனா. வால்யூம் பூஜ்யமானாலும் அதே அளவில் இருந்தால் அதற்குப் பின்னால்: ஆர்.சி.ஏ. வயர் (செட்டிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் பாட்டைக் கொண்டு போகும் வயர்), ஆம்ப்ளிஃபயர், எர்த்.

முதல் வகையில், ஆக்ஸில் பாட்டு போட்டுக்கொண்டே மொபைலைச் சார்ஜரிலிருந்து பிடுங்குங்கள். ஊளை நின்றால் சார்ஜரும் செட்டும் இரண்டு வெவ்வேறு எர்த் வழியாகச் சந்தித்துக்கொள்கின்றன. புளூடூத்துக்கு மாறினால் போதும்; ஆக்ஸ்தான் வேண்டும் என்றால் 3.5 எம்.எம். கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் ஒன்றை நடுவில் போடலாம்.

இரண்டாம் வகையில் ஆம்ப்ளிஃபயரிடம் போய் ஆர்.சி.ஏ. பின்களைப் பிடுங்குங்கள். பிடுங்கியும் ஊளை இருந்தால் ஆம்பின் எர்த் அல்லது பவர் வயர். நின்றுவிட்டால், மொபைலிலிருந்து நேராக ஆம்புக்கு ஒரு ஆர்.சி.ஏ. வயர் போட்டுப் பாருங்கள். அப்போதும் ஊளை இல்லை என்றால் குறை செட்டிலோ, செட்டிலிருந்து டிக்கி வரை ஓடும் ஆர்.சி.ஏ. வயரிலோ இருக்கிறது. அந்த வயர் ஆம்பின் பவர் கேபிளோடு ஒரே பக்கத்தில் ஓடுகிறதா என்று காலடிப் பட்டியைத் தூக்கிப் பாருங்கள். பவர் கேபிள் ஒரு பக்கக் கதவோரம், ஆர்.சி.ஏ. மறுபக்கம் என்று பிரித்தாலே பல வண்டியில் தீரும். பிரித்தும் தீராவிட்டால், செட்டின் ஆர்.சி.ஏ. வெளி வளையத்திலிருந்து செட்டின் இரும்பு உடலுக்கு ஒரு துண்டு வயரைத் தொட்டுப் பாருங்கள். ஊளை உடனே நின்றால் செட்டுக்குள் அந்த எர்த் வழி எரிந்திருக்கிறது. ஆம்ப் ஓடும்போது ஆர்.சி.ஏ.யைப் பிடுங்கிச் செருகினால் இப்படி ஆகும். அதனால் இந்தச் சோதனைகளில் ஒவ்வொரு முறையும் செட்டை அணைத்துவிட்டுத்தான் வயரில் கை வைக்க வேண்டும்.

ஆம்பின் எர்த்தைப் பொறுத்தவரை, சீட் பெல்ட் போல்ட்டிலோ பெயின்ட் அடித்த இரும்பிலோ மாட்டியிருந்தால் அது எர்த் ஆகாது. அரை மீட்டருக்குள் பாடியில் ஒரு இடம் பார்த்து, பெட்ரோல் டேங்கும் பைப்பும் அடியில் இல்லை என்று உறுதி செய்து, பெயின்டை வெற்று இரும்பு வரை சுரண்டி, ரிங் டெர்மினலோடு போல்ட்டில் இறுக்கி, மேலே துருத்தடுப்பு பெயின்ட் பூசுங்கள். பவர் கேபிளின் தடிமனே எர்த்துக்கும் வேண்டும். பாட்டு சத்தமாக ஓடும்போது ஆம்பின் எர்த் டெர்மினலுக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் போகவில்லை என்றால் ஆல்டர்னேட்டரின் டயோடைப் பாருங்கள். இன்ஜினை ஓடவிட்டு, பேட்டரி முனைகளில் மீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்தால் 0.1-க்குள் இருக்க வேண்டும். 0.5-ஐத் தாண்டினால் டயோடு போயிருக்கிறது, ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போங்கள். சில மலிவு மீட்டர்கள் ஏ.சி. ரேஞ்சில் வைத்ததும் 25, 28 என்று காட்டும், அவை டி.சி.யைப் பிரிக்கத் தெரியாதவை, இந்தச் சோதனைக்கு உதவாது.

எஃப்.எம். மட்டும் சரியில்லை

சென்னையில் சூரியன் 93.5 தெளிவாக வருகிறது, ஆனால் அகில இந்திய வானொலியின் ரெயின்போ 101.4-உம் ஹலோ எஃப்.எம். 106.4-உம் கரகரக்கின்றன என்றால் ஆன்டெனாவைத் தொடாதீர்கள். செட் அமெரிக்கா பகுதி அமைப்பில் இருக்கிறது. அந்த அமைப்பில் அலைவரிசை 0.2 வீதம் தாவும், 93.3, 93.5 என்று ஒற்றைப்படைப் புள்ளிகளில் மட்டும் நிற்கும். 101.4 அதில் கிடையாது, 101.3 அல்லது 101.5 தான். செட்டிங்கில் ரேடியோ ரீஜனை ஐரோப்பா அல்லது ஆசியாவுக்கு மாற்றினால் முடிந்தது.

எல்லா ஸ்டேஷனும் மங்கல் என்றால், மொபைல் சார்ஜர், டேஷ்கேம், வெளியில் வாங்கிப் போட்ட எல்.இ.டி. ஹெட்லைட் இவற்றை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். இவை எஃப்.எம். அலையிலேயே இரைச்சல் போடும். அதுவும் இல்லை என்றால் ஆன்டெனா. கூரையில் குட்டையாக இருக்கும் ஆன்டெனாக்கள் பலவற்றின் அடியில் ஒரு சின்ன பூஸ்டர் இருக்கும். அதற்கு நீல வயரின் 12 வோல்ட் வேண்டும். செட் மாற்றியவர் அந்த வயரைக் கட்டாமல் விட்டிருப்பார். சில வண்டிகளில் அந்தக் கரண்ட் ஆன்டெனா கேபிள் வழியாகவே போக வேண்டும். அவற்றுக்குக் கரண்ட் ஏற்றும் தனி அடாப்டர் கேட்டு வாங்குங்கள்.

இலங்கையில் ஓடும் ஜப்பான் இறக்குமதி வண்டிகளின் கதை வேறு. ஜப்பான் செட்டின் எஃப்.எம். 76-இல் தொடங்கி 90-இலோ 95-இலோ முடிந்துவிடும். பேண்ட் எக்ஸ்பாண்டர் போட்டால் எல்லா ஸ்டேஷனும் ஒரு குறிப்பிட்ட அளவு கீழே இறங்கும். 12 மெகாஹெர்ட்ஸ் இறக்கும் எக்ஸ்பாண்டரில் 98 என்பது 86-இல் வரும். ஆனால் 90-இல் முடியும் செட்டில் 102-க்கு மேல் உள்ளது எதுவும் வராது. எந்த ஸ்டேஷன் வேண்டும் என்று பார்த்து எக்ஸ்பாண்டரின் அளவைத் தேர்ந்தெடுங்கள். இந்த வண்டிகளில் சில நேவிகேஷன் செட்டுகள், பேட்டரி கழன்றால் மேப் கார்டோ திறப்பு எண்ணோ கேட்டுப் பூட்டிக்கொள்ளும். பேட்டரி மாற்றும்போது வெளியிலிருந்து 12 வோல்ட் கொடுத்து வைத்துக்கொண்டு மாற்றச் சொல்லுங்கள்.

ஆம்ப்ளிஃபயர், சப்ஊஃபர்

ஆம்பில் விளக்கே இல்லை என்றால் மூன்று டெர்மினலில் அளங்கள்: 12 வோல்ட், எர்த், ரிமோட். ரிமோட்டில் செட் ஓடும்போது 12 வோல்ட் இல்லை என்றால் நீல-வெள்ளை வயர் அறுந்திருக்கிறது. சிவப்பு புரொடெக்ட் விளக்கு எரிந்தால் ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றிவிட்டுச் செட்டைப் போடுங்கள். விளக்கு பச்சையானால் ஸ்பீக்கர் பக்கம் ஷார்ட், அல்லது ஓம் குறைவு. இரண்டு 4 ஓம் காயிலை இணையாகக் கட்டினால் 2 ஓம் ஆகிவிடும். பிரிட்ஜில் (இரண்டு சேனலைச் சேர்த்து ஒரே ஸ்பீக்கருக்குக் கொடுப்பது) 4 ஓமுக்குக் கீழே கூடாது என்று எழுதிய ஆம்ப் அதில் சூடாகி அணையும். ஸ்பீக்கர், ஆர்.சி.ஏ. எல்லாம் கழற்றியும் சிவப்பு போகவில்லை என்றால் ஆம்பின் உள்ளே பழுது.

பேட்டரியிலிருந்து ஆம்புக்கு வரும் கேபிளில், பேட்டரிக்கு 45 செ.மீ.க்குள் ஃபியூஸ் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மற்ற எல்லா வேலைக்கும் முன் அதைப் போடுங்கள். ஃபயர்வாலின் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள இரும்புச் சுவர்) துளையில் ரப்பர் கிராமெட் (துளையின் ஓரத்தை மூடும் வளையம்) இல்லாமல் கேபிள் போனால், இரும்பு ஓரம் அதன் தோலை அறுத்து ஒருநாள் வண்டியே தீப்பிடிக்கும்.

புளூடூத், ஸ்டியரிங் பட்டன்

உங்கள் மொபைல் சேரவில்லை என்றால் பழைய உரிமையாளர் வீட்டு மொபைல்களால் செட்டின் பட்டியல் நிரம்பியிருக்கும். பட்டியலை அழியுங்கள். அல்லது ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். அவருடைய தொடர்பு எண்களும் அதோடு போகும், அதுதான் முறை. ஸ்டியரிங் பட்டன் ஒன்று அமுக்கினால் வேறொன்று நடந்தால் ஆண்ட்ராய்டு செட்டின் ஸ்டியரிங் அமைப்பில் ஒவ்வொரு பட்டனையும் புதிதாகக் கற்றுக்கொடுங்கள். பட்டனோடு ஹாரனும் வேலை செய்யாமல் ஏர்பேக் விளக்கும் எரிந்தால் ஸ்டியரிங்கினுள் சுருள் கேபிள் போயிருக்கிறது. அது ஏர்பேக்கைக் கழற்றிச் செய்யும் வேலை. சர்வீஸ் சென்டரில் மட்டும் கொடுங்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டியா?

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் மூழ்கிய கார்கள் ஏராளம். அவற்றில் பல சுத்தம் செய்யப்பட்டு மறுபடி சந்தைக்கு வந்தன. உள் அலங்காரத்தை மாற்றிவிடலாம். ஸ்பீக்கர் கப்ளர்களை யாரும் மாற்றுவதில்லை. முன் கதவு ஸ்பீக்கரைக் கழற்றி காந்தத்தைப் பாருங்கள். சுற்றிலும் துரு, கப்ளர் பின்களில் பச்சை அல்லது வெள்ளைப் பூப்பு, கதவின் ரப்பர் குழல் மடிப்புக்குள் காய்ந்த வண்டல் இருந்தால், கதவின் பாதி உயரம் வரை தண்ணீர் நின்றிருக்கிறது. சீட்டுக்கு அடியில் ஆம்ப் இருந்தால் அதன் ஸ்க்ரூ தலைகளையும் பாருங்கள். அந்த வண்டியை நீங்கள் ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், கப்ளர்களைக் காண்டாக்ட் கிளீனரால் கழுவிப் பயனில்லை. பூப்பு வயரின் தோலுக்குள் ஏறியிருக்கும். செட்டிலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் புதிய வயர் ஓட்டுங்கள். அதே நேரத்தில் முன் காலடி மேட்டைத் தூக்கி, அங்கே ஓடும் ஏர்பேக், ஏ.பி.எஸ். கப்ளர்களிலும் அதே பச்சை இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து, இருந்தால் ஸ்டீரியோ வேலையை நிறுத்திவிட்டு அதை முதலில் சர்வீஸ் சென்டரில் காட்டுங்கள்.